ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை

நூற்றொன்றைத் தாண்டி ஒரு கோடு. இந்தத் தெர்மாமீட்டருக்கு வயசாகிவிட்டது, ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு நன்றாக உதறி மறுபடி நாக்குக்கு அடியில் வைக்கிறேன். மணி எட்டு ஐந்து. எட்டு ஐம்பதுக்கு எதிர் ஃபிளாட் சுகந்தி காலிங் பெல்லை அடிப்பாள். பக்கத்தில் லச்சு நிற்பாள், இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்த வாய், லக்‌ஷிதா என்று பெயர் வைத்துவிட்டு ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஊரில் ஃப்ளூ பரவுகிறது என்று நேற்று சாயந்தரம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பத்து நாள் பூட்டுப் போட்டார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் கிருமி மரியாதை கொடுக்கும் போலிருக்கிறது. ஜவுளிக்கடைக்குப் பூட்டு இல்லை, ஆடித் தள்ளுபடி, சுகந்தி பட்டுப்புடவை செக்‌ஷனில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவள், இந்த மாதத்தில் லீவு கேட்டால் நிரந்தரமாகவே கொடுத்துவிடுவார்கள். அதனால் நேற்று ஏழரைக்கு என் வாசலில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, அக்கா, பத்து நாள், நாள் பூரா, எப்படிக் கேக்கறதுன்னே தெரியல என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா, அனுப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எப்போதும் பேசுகிற மாதிரி வெடுக்கென்றுதான் சொன்னேன். சாத்திவிட்டு வந்து கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். பென்சில் நான்கு சீவினேன். பழைய காலண்டர் தாள்களை நான்காக மடித்து, நூல் கோத்து நோட்டு தைத்தேன். ஐம்பத்து மூன்று வயசுப் பொம்பளை, பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி மாதிரி. இப்போது வாயில் கண்ணாடிக் குச்சியோடு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கிறேன். அதே கோடு.

நேற்று ஃபேன் துடைத்தேன், அந்தத் தூசி. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்தபோதே தொண்டையில் மீன்முள் குத்தின மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம், ஏணியில் ஏறி மூன்று ஃபேனையும் துடைத்தால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது. தூசிக்குக் காய்ச்சல் வருமா என்று ஒரு குரல் கேட்கிறது. வரும், சிலருக்கு வரும், அலர்ஜி. தூசிக்கு முழங்கால் எலும்பெல்லாம் குடைச்சல் எடுக்குமா. வயசு. சரி, வயசுக்குக் கண்ணைத் திருப்பினால் வலிக்குமா. இந்தக் குரலுக்குப் பதில் சொல்லி முடியாது, கான்வென்ட்டில் மாரல் சயன்ஸ் எடுத்தவர்களின் குரல், முப்பத்தைந்து வருஷமாகச் சம்பளம் இல்லாமல் உள்ளே உட்கார்ந்து பாடம் நடத்துகிறது. பள்ளிக்கூடத்தின் சுற்றறிக்கை ஃபோனில் இருக்கிறது, சுகந்தி அனுப்பினாள், இங்கிலீஷ் புரியலக்கா என்று. எனக்கே புரியவில்லை, ஒரு வாக்கியத்தில் மூன்று தப்பு. காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் அருகில் குழந்தைகளை விட வேண்டாம் என்பதை, இருமும் குழந்தைகள் அருகில் காய்ச்சலை விட வேண்டாம் என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். நேற்று அதைப் படித்துச் சிரித்தேன். சுகந்திக்குத் தமிழில் நானேதான் சொன்னேன், கையை சோப்புப் போட்டுக் கழுவணும், கும்பலில் போகக் கூடாது, உடம்பு சரியில்லாதவங்க கிட்டே பிள்ளையை விடக் கூடாது. என் வாயால்தான். இரண்டு வாரம் முன்னே இரண்டாவது மாடி ஜெயலதாவையும் இதே வாயால்தான் கேட்டேன். அவள் மகனுக்குக் காலையில் உடம்பு கொதித்திருக்கிறது, ஒரு மூடி சிரப்பை ஊற்றி, காய்ச்சல் இறங்கினதும் வேனில் ஏற்றிவிட்டாள், பன்னிரண்டு மணிக்கு ஸ்கூலிலிருந்து ஃபோன். லிஃப்ட்டில் வைத்து, சிரப் குடிச்சா காய்ச்சல் ஒளிஞ்சுக்கும்மா, ஓடிப்போகாது, வேனில இருக்கற பன்னெண்டு பிள்ளைக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கான் உன் பிள்ளை, நல்ல மனசு என்றேன். அதோடு ஜெயலதா என்னைப் பார்த்தால் படியில் ஏறுகிறாள். இப்போது என் உள்ளங்கையில் பாராசிட்டமால் அட்டை. ஒன்று போட்டால் ஒன்பது மணிக்குள் உடம்பு சில்லென்று ஆகிவிடும். தொட்டால்கூடத் தெரியாது. லச்சு தொடுவாள், வந்ததும் என் கையைப் பிடித்துத்தான் உள்ளே வருவாள், அதனால்தான் இந்தக் கணக்கே. அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன், அது கிழியவில்லை, நானும் கிழிக்கவில்லை.

ஏழு மணிக்கு இவர் ஃபோன் பண்ணினார். அரியலூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை முதல் வண்டிக்குப் போகிறவர், தினமும் காலையில் ஏழுக்கு ஒரு ஃபோன், இருபது வருஷமாக ஆபீசில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. தொண்டை கட்டியிருக்கு என்றேன். வெந்நீர் குடி என்றார். பிறகு கேஸ் புக் பண்ணினாயா, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தானா. வந்தான், வரவில்லை, ஏதோ சொன்னேன். வைத்தபிறகுதான் காய்ச்சல் என்கிற வார்த்தையை நான் சொல்லவில்லை என்று உறைத்தது. அது எனக்கு வாயில் வராது. இவருக்குக் காய்ச்சல் வரும், வந்தால் வீடே கால்மாட்டில் நிற்க வேண்டும். மகனுக்கு வரும், அவன் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு தும்மினால்கூட ஃபோட்டோ அனுப்புவான். எனக்குத் தலை கனமாயிருக்கும், தொண்டை கட்டியிருக்கும், அசதியாயிருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னை எமர்ஜென்சி என்று கூப்பிடுவார்கள், எமரென்சி என்று அப்பா வைத்த அழகான பெயர் அவர்கள் வாயில் அப்படித்தான் ஆயிற்று, அதற்குத் தகுந்த மாதிரி நானும் ஆஸ்பத்திரி வண்டி கணக்காக எல்லார் வீட்டுக்கும் ஓடுவேன், எனக்கென்று ஒரு வண்டி வந்ததில்லை. சரி போதும், இந்தப் புலம்பல் எனக்கே பிடிக்காது. பிடிக்காத இன்னொன்று, காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் மூன்றே முக்கால் வரைக்கும் இந்த வீடு போடுகிற சத்தம். ஃபிரிட்ஜ் ஒரு தரம் முனகி நிற்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும், மோட்டாரை அணைக்க ஆள் வராது. நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்பதிலிருந்து லச்சு வேனிலிருந்து இறங்குகிற வரைக்கும் நான் வாய் திறந்தது இரண்டு தடவை, கீரைக்காரம்மாவிடம் வேண்டாம், கூரியர்காரரிடம் எதிர் வீடு. மூன்றே முக்காலுக்கு அவள் வந்ததும் தண்ணீர்க்குழாயைத் திறந்த மாதிரி. மிஸ், இன்னிக்கு ரித்விக் கிளாஸ்ல வாந்தி எடுத்தான் மிஸ். மிஸ், யானைக்கு முட்டி எந்தப் பக்கம் மிஸ். நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. இங்கிலீஷ் எழுத்துக்கு வால் போடாதே என்று முதல் நாள் கண்டித்தேன், அன்றிலிருந்து மிஸ். திருத்தத் தோன்றவில்லை. ஏழரைக்கு சுகந்தி வந்து அழைத்துப் போகும்போது, மிஸ் நாளைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடும். நாளைக்கு என்ன என்று சொல்லாது. நாளைக்கு என்பதே போதும்.

அவளுக்குத்தான் முதலில் வந்திருக்கும், அவளிடமிருந்து எனக்கு. அப்படியானால் தப்பே இல்லை, கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுக்க முடியாது. இது நல்ல வழி, இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகிறேன். செவ்வாய்க்கிழமை மூக்கை உறிஞ்சினாளா. இல்லை. புதன்கிழமை தும்மினாள், மிளகாய் வறுத்தேன், நானும் தும்மினேன். அன்றைக்கே நன்றாக இரண்டு தோசை சாப்பிட்டாள். நேற்று சோபாவில் குதித்தாள். வழி சுவரில் முட்டி நிற்கிறது. சரி, முகமூடி போட்டுக்கொள்ளலாம், அவளை பால்கனிப் பக்கம் உட்கார வைக்கலாம், ஜன்னலைத் திறக்கலாம், நான் சமையலறையிலிருந்தே கேள்வி கேட்கலாம். எட்டு வயசு முடியாத பிள்ளை பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருமா, மடியில் ஏறும். ஏறினால் என் மோவாய்க்குக் கீழே அதன் தலை வரும், தேங்காயெண்ணெயும் வேர்வையும். போன டிசம்பரில் சாதாரண சளிதான் பிடித்தது. மூன்றாம் நாள் சுகந்தி கதவை இடித்தாள், போய்ப் பார்த்தேன், பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது, தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்தது, பேச முடியாமல் என்னைப் பார்த்தது. நான்தான் ஆட்டோவில் மடியில் வைத்திருந்தேன். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அதிலிருந்து ஸ்கூல் பையின் பக்கவாட்டு உறையில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பக்கம், ஊதா இன்ஹேலருக்கு ஒரு பக்கம். வீசிங் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் ஜாக்கிரதையாக இருக்கணும் என்று டாக்டர் சொன்னது சுகந்திக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த டாக்டரின் சட்டைப் பொத்தான்கூட ஞாபகம் இருக்கிறது. எட்டு இருபத்தைந்து. ஃபோனை எடுத்து, சுகந்தி, எனக்குக் கொஞ்சம் என்று அடிக்கிறேன். கொஞ்சம் என்ன. அழிக்கிறேன்.

நான் இதை முன்னாடியும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் ஃபேன் தூசி, புதன்கிழமைத் தும்மல் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பு. எங்கள் கான்வென்ட்டில் வருஷம் முழுக்க ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகாதவர்களுக்கு ஆண்டு விழாவில் மேடையில் பரிசு, பிஷப் கையால். நானும் என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற கொலம்பாவும் ஜூனிலிருந்து போட்டி, மழை, காலில் ஆணி, பாட்டன் சாவு, எதற்கும் நிற்கவில்லை. நவம்பரில் ஒரு காலை எழுந்தால் எனக்குக் காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, அட, பொன்னுக்கு வீங்கி, இதுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா என்று தன் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பெயரிலேயே பொன் இருக்கிறதே, பொன்னைப் போட்டால் வடிந்துவிடும், அதுதான் வைத்தியம். அன்றைக்கு வீட்டில் இரு என்றாள். ஆப்சென்ட் விழும் என்று அழுது, கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன். முதல் பீரியடில் சிஸ்டர் லியோனி ஸ்கார்ஃபை இழுத்தார்கள். கான்வென்ட்டுக்குத் தங்கம் போட்டு வரலாமா என்றார்கள். சங்கிலியைக் கழற்றி, காக்கி உறையில் போட்டு, மேலே என் பெயரை எழுதி, டிராயரில் வைத்துப் பூட்டி, ஐம்பது தடவை இம்பொசிஷன் கொடுத்தார்கள். கன்னத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, கழுத்தில் கை வைத்துக் கொக்கியைக் கழற்றினவர்கள், அது எவ்வளவு சூடாக இருந்தது என்று கவனிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த வாரம் முழுக்கப் போனேன். கொலம்பாவோடு ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தேன். மூன்று வாரம் கழித்து வகுப்பில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கிவிட்டது, பள்ளியையே பதினைந்து நாள் மூடினார்கள். மூடியிருந்த நாட்கள் வருகைக் கணக்கில் வராது. அதனால் எனக்கு ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை. மேடையில் தனியாகப் போய் வாங்கினேன், ஜியோமெட்ரி பாக்ஸ். கை தட்டினார்கள். எனக்காக மூடின பள்ளிக்கூடம், எனக்கே பரிசும் கொடுத்தது.

கொலம்பாவுக்குக் காய்ச்சல் இறங்கி வந்தபோது இடது காது போயிருந்தது. பொன்னுக்கு வீங்கியில் சில பேருக்கு அப்படி ஆகுமாம். வந்தவள், இடம் மாறி உட்கார்ந்துக்கலாமா, இந்தப் பக்கம் கேக்க மாட்டேங்குது என்று சாதாரணமாகக் கேட்டாள். மாறி உட்கார்ந்தோம். மூன்று வருஷம் அவளுடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, நான்தான் உனக்குக் கொடுத்தேன் என்று சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொன்னேன், யார் யாருக்கு லெட்டர் கொடுத்தார்கள், எந்த மிஸ்ஸின் ரவிக்கை கிழிந்திருந்தது. பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும், பாலக்கரைப் பக்கம் ஒரு மண்டபம், இரண்டு பேரும் பந்திக்குக் காத்திருந்தோம். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். தெரியாமல் நின்றேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நின்று, கொலம்பா, அப்ப ஸ்கூல்ல அது என்னாலதான், என்னை மன்னிச்சுக்கோ என்றேன். மெதுவாகக்கூட இல்லை, தெளிவாகத்தான் சொன்னேன். அவள் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பி, சிரித்துக்கொண்டே, என்னடி சொன்ன என்றாள். புடவை நல்லாயிருக்குன்னு சொன்னேன் என்றேன். எங்க எடுத்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தாள். எங்கே எடுத்தாள் என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

எட்டு முப்பத்தெட்டு. எதிர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில். இந்த ஃபிளாட்டுகளின் சுவர் அப்பளம், எல்லாம் கேட்கும். லச்சு எதையோ ராகம் போட்டுச் சொல்கிறாள், சுகந்தி தலையை ஆட்டாதடி என்று பின்னலை இழுக்கிறாள் போல, ஆ என்று ஒரு சத்தம். நான் இல்லை என்றால் சுகந்தி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். மணப்பாறையில் அவள் அம்மா இருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் கடைக்குப் போய், சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்வாள். பிள்ளை பத்து நாளும் அங்கேதான். பத்து நாளும் இங்கே ஃபிரிட்ஜ். காலையில் ஐந்தரைக்கே சொல்லியிருந்தால் அவள் முதல் பஸ்ஸில் போய் வந்திருக்கலாம். ஐந்தரைக்கு நான் தூசி என்றேன். ஆறரைக்குத் தெர்மாமீட்டரைத் தேடினேன், கிடைத்தது, கிடைக்காத மாதிரி இன்னும் கொஞ்சம் தேடினேன். எட்டு மணிக்குத்தான் வாயில் வைத்தேன். ஒவ்வொரு நிமிஷமும் நான்தான் தின்றேன். இப்போது சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டால் அதைவிடத் தப்பு, மாத்திரை அட்டை மேசையில் கிடக்கிறது, ஒரு மாத்திரை, ஒரு வாய்த் தண்ணீர், கதவைத் திறந்து வாடி என்றால் போதும், ஒருவருக்கும் தெரியாது. மூன்று வாரமெல்லாம் ஆகாது இதற்கு, இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வந்தாலும் யார் கொடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும், ஊரெல்லாம் இருக்கிறது, கடையிலிருந்து சுகந்தியே கொண்டுவந்தாள் என்பார்கள், சுகந்தியே அப்படித்தான் நினைப்பாள், ஆட்டோவில் நானே மடியில் வைத்துக்கொண்டு போவேன். அந்த ஆட்டோ வரைக்கும் யோசித்துவிட்டேன். யோசித்ததை நானே பார்த்துவிட்டேன். எதிர்க்கதவின் தாழ்ப்பாள் விழுகிறது. மணி எட்டு நாற்பத்தாறு, இன்றைக்கென்று சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்கள்.

மணி அடிப்பதற்கு முன்பே போய்க் கதவில் கை வைத்துவிட்டேன். திறக்க அல்ல. தாழ்ப்பாளின் மேல் ஒரு கையும் அதைத் தடுக்க இன்னொரு கையும் வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. லச்சு அடித்திருக்கிறாள், விடாமல் அழுத்துவாள். சுகந்தி, திறக்க மாட்டேன், அங்கேயே நில்லு என்றேன். வெளியே சத்தம் நின்றது. பிறகு சுகந்தி, ஏன்க்கா, குளிச்சிட்டிருக்கீங்களா என்றாள். தொண்டையில் இருமல் முட்டியது, விழுங்கினேன். எனக்குக் காய்ச்சல் என்றேன். சொன்னது எனக்கே வேறு யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது. நூத்தியொண்ணுக்கு மேல இருக்கு, வீசிங் பிள்ளையை இங்க விடாதே, அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பையைக் கீழே வைக்கிற சத்தம். எப்பலேருந்துக்கா என்றாள். பொய் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது, இப்பத்தான் என்றால் முடிந்தது, அந்த வார்த்தை உதட்டில்கூட வந்து நின்றது. அஞ்சரைலேருந்து என்றேன்.

"அஞ்சரைக்கே தெரிஞ்சா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்லக்கா. மூணு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க."

கோபமாகக்கூட இல்லை, அழுகிற மாதிரி இருந்தது. அந்தக் கதவுக்கு எத்தனை கோட் வார்னிஷ் அடித்தார்கள், எந்த இடத்தில் அது உரிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ வரட்டும்னு இருந்துச்சு சுகந்தி. அதான் சொல்லல."

மிஸ் ஏன் கதவு திறக்கல என்று லச்சு கேட்டாள், சும்மா இரு என்றாள் சுகந்தி. பிறகு பையைத் தூக்கினாள், தண்ணீர் பாட்டில் இடித்த சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் நின்றிருக்கிறாள். உங்களுக்குக் கஞ்சி கிஞ்சி யாருக்கா வெப்பா என்றாள். எனக்குக் கை இல்லையா, எட்டரை பஸ் போயிடுச்சு, அடுத்ததையாவது புடி, கிளம்பு என்றேன், வெடுக்கென்று, எப்போதும் பேசுகிற மாதிரி. அவள் ம் என்றாள். லிஃப்ட் வந்தது. உள்ளே போகும்போது லச்சு ஏதோ சொன்னாள், கதவு மூடிக்கொண்டதில் பாதிதான் கேட்டது, நாளைக்கு என்றாளா வேறு ஏதாவதா, தெரியவில்லை. லிஃப்ட் கீழே இறங்கி நிற்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றது. கிரில் கேட் திறந்து மூடினது. அதன்பிறகு இருமினேன். விலா நோகிற வரைக்கும், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும், நடு ஹாலில் நின்று இருமினேன். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒட்டிக்கொள்ள இங்கே யார் இருக்கிறார்கள்.